ஃபெராரி 250 ஜிடிஓ மாடல்: எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது?

ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பழைய பந்தயக் காரை 1/24 அளவில் பிளாஸ்டிக் மாடலாகக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கான குறிப்பு இது. எந்தப் பாகத்தை எதோடு ஒட்டுவது என்பதைக் கிட்டோடு, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வரும் தாளே சொல்லிவிடும். பாதி வேலையில் ஏதோ சொதப்பி, மாடலை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த நேரத்துக்கு எழுதியது. உங்கள் கண்ணில் படுகிற அறிகுறியைத் தேடி நேரே அங்கே போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். எந்த மாடலிலும் தப்பு என்றால் ஒன்று நம் கைத்தப்பு, இல்லையென்றால் பாகங்களை வார்த்த அச்சின் தப்பு. இந்தக் காரில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: அசல் கார். 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 ஜிடிஓக்கள்தான் வெளிவந்தன. இத்தாலியின் மோடேனாவில் ஸ்காலியெட்டி பட்டறையில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டித்தான் பாடி செய்தார்கள். நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் ஒரே மாடல் காருக்கு இரண்டு மட்கார்டு அடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள், இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்குமா? இங்கேயும் அதே கதைதான். அதன் பிறகு ரேஸில் மோதி, நெளிந்து, திரும்ப அடித்து, பெயின்ட் மாறி, ஒவ்வொரு காரும் ஒவ்வொரு விதமாகிவிட்டது.

அதனால் ‘250 ஜிடிஓ கட்டுகிறேன்’ என்று தொடங்காதீர்கள். எந்த சேசிஸ் எண் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி எண்), எந்த ரேஸ் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பந்தய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸுக்காகத் தயாரான வெளிர்பச்சை 3505 ஜிடியா, ஜான் கூம்ப்ஸ் வாங்கிய வெள்ளை 3729 ஜிடியா, 1962-இல் அமெரிக்காவின் செப்ரிங் ரேஸில் ஃபில் ஹில்லும் ஒலிவியே ஜென்டெபியனும் ஓட்டி ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக வந்த 3387 ஜிடியா? அந்தக் காரின் அந்த வருஷத்துப் படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால், கீழே வருகிற பிரச்சினைகளில் பாதி பிரச்சினையே இல்லை என்று தெரிந்துவிடும். இந்தக் கார்கள் இன்று கோடிக்கணக்கில் விலைபோவதால் ஏல நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் படங்கள் அபாரமாக இருக்கும். 3413 ஜிடி 2018-இல் 4.84 கோடி டாலருக்குப் போனது. விற்பதற்காக அதை அடிவயிறு வரை படம் எடுத்திருந்தார்கள். நமக்கு அது போதும். ஒரே எச்சரிக்கை: ஏலப் படம் காட்டுவது காரின் இன்றைய நிலையை. 1962-இல் எப்படி இருந்தது என்பதற்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் நம்ப வேண்டும்.

அறிகுறி: பாடியில் இருக்கிற துளைகளும் படத்தில் இருக்கிறவையும் பொருந்தவில்லை

உப்புத்தாளை எடுக்காதீர்கள். முதலில் படத்தைப் பாருங்கள்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் காற்று வெளியேறச் சாய்வாக வெட்டியிருக்கும் பிளவுகளை எண்ணுங்கள். முதலில் வந்த கார்களில் இரண்டு, பிற்பாடு வந்தவற்றில் மூன்று. பின்னால் இருக்கிற ஸ்பாய்லர் ஆரம்பக் கார்களில் தனித் துண்டு, திருகு போட்டு மாட்டியது. அதன் விளிம்பில் கோடு தெரிய வேண்டும். பிந்தைய கார்களில் அது பாடியோடு சேர்ந்தே வந்துவிட்டது, அங்கே கோடு தெரிந்தால் தப்பு. 1962 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டிய முதல் காரில் ஸ்பாய்லரே இல்லை. மூக்கில் கிரில்லுக்கு மேலே இருக்கிற மூன்று அரைவட்டத் துளைகளுக்குக் கழற்றி மாட்டும் மூடிகள் உண்டு. குளிரான ரேஸில் மூடியிருக்கும், வெயிலில் திறந்திருக்கும். 1964-இல் வந்த மூன்று கார்களுக்குப் பாடியே வேறு. பழைய கார்களில் நான்கையும் அந்தப் பாடிக்கு மாற்றினார்கள். அதை இந்தக் கிட்டிலிருந்து செதுக்கி எடுக்கலாம் என்று நினைத்தால், வேண்டாம், கனவை மூட்டை கட்டிவிடுங்கள்.

பிளவு ஒன்று குறைகிறதா? 0.5 மி.மீ. டிரில்லால் வரிசையாகத் துளையிட்டு, கத்தியால் இணைத்து, ஊசி அரத்தால் முடியுங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் உள்ளிருந்து பிளாஸ்டிக் தகடு ஒட்டி, வெளியே புட்டி. இரண்டும் அரை மணி நேர வேலைதான், ஆனால் அடிப்பூச்சான பிரைமருக்கு முன்னால் செய்ய வேண்டும்.

இடது வலது ஒன்றுபோல இல்லையே என்று ஸ்கேல் வைத்து அளந்து புலம்புகிறவர்களுக்கு: அரை மி.மீ. வித்தியாசம் அசலில் 12 மி.மீ. கையால் அடித்த பாடியில் அது நடக்கக்கூடியதே. நான் அதைத் தொடுவதில்லை. ஒரு மி.மீ.க்கு மேல் போனால்தான் அச்சின் தப்பு என்று எடுத்துக்கொள்வேன்.

அறிகுறி: நாலு சக்கரமும் தரையில் உட்காரவில்லை

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது சேசிஸுக்கென்றே சொன்னதுபோல இருக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் உடனே அந்தச் சக்கரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். சக்கரம் எதுவும் மாட்டாமல், வெறும் சேசிஸ் தட்டை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஆடினால் தட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. பழைய கிட்டுகளில் இது சகஜம். பல வருஷம் பெட்டிக்குள் ஏதோ ஒன்றின் கீழே நசுங்கிக் கிடந்திருக்கும்.

கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். கொதித்து இறக்கி, ஐந்து நிமிஷம் ஆறவிட்ட தண்ணீரில் தட்டை அரை நிமிஷம் முக்கி எடுத்து, எதிர்த்திசையில் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். ஒரே தடவையில் நேராகாது. மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக. அவசரப்பட்டு நேரடியாக ஹேர் டிரையரைக் காட்டி ஒரு தட்டை அப்பளம் மாதிரி ஆக்கியவன் சொல்கிறேன்.

தட்டு நேராக இருந்தும் ஆடுகிறதென்றால், சக்கரத்தின் அச்சுக் குச்சி நுழைகிற இடத்தில் பிசிறு இருக்கும், அல்லது முன் சஸ்பென்ஷன் கை ஒன்று அரை மி.மீ. ஏறி ஒட்டியிருக்கும். பசை காய்வதற்கு முன்பே கண்ணாடியின்மேல் நிறுத்தி, ஒரு இரவு விட்டுவிடுவதுதான் மருந்து. கூடவே ஒரு சோதனை: அசல் காரின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே உள்ள தூரம், 2400 மி.மீ. 1/24-இல் அது சரியாக 100 மி.மீ. இதைவிடச் சுலபமான கணக்கு கிடைக்காது. இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 100, மறுபக்கம் 99 வந்தால் பின் அச்சு சாய்ந்து ஒட்டியிருக்கிறது.

அறிகுறி: கார் நிற்கிற விதமே சரியில்லை, ஏதோ பொம்மைக் கார் மாதிரி இருக்கிறது

முன் டயரும் பின் டயரும் இடம் மாறியிருக்கலாம். அசல் காரில் முன்னால் 6.00, பின்னால் 7.00 அகலத்தில் 15 அங்குல டயர்கள். கிட்டில் அந்த வித்தியாசம் ஒரு மி.மீ. அளவுக்குத்தான் தெரியும் என்பதால் மாற்றி மாட்டிவிடுவது ரொம்ப எளிது.

டயர் சரி என்றால் சக்கர வளைவின் ஓரத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் பாடியின் கனம் 1.2 மி.மீ. என்றால் அசலில் அது கிட்டத்தட்ட 29 மி.மீ. தகடு. பீரங்கி வண்டிக்குக்கூட அது ஜாஸ்தி. வெளி விளிம்பைத் தொடாமல், உள்ளிருந்து வளைந்த பிளேடால் சுரண்டி, ஓரத்தை மட்டும் கத்திமுனை போல மெலிதாக்குங்கள். முழு பாடியையும் மெலிதாக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஓரங்களான சக்கர வளைவு, மூக்குத் துளைகள், பக்கவாட்டுப் பிளவுகள் போதும். இந்த மாடலில் செலவில்லாமல் அதிகப் பலன் தருகிற வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அறிகுறி: பிரைமர் அடித்ததும் பாடியில் அம்மைத் தழும்பு

பிரைமரின் வேலையே அதுதான், திட்டாதீர்கள். பள்ளம் வட்டமாக, அடியில் ஏதாவது தூண் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே வந்தால் அது அச்சிலேயே உள்ள குழி. புட்டி போட்டுத் தேய்த்தால் போயிற்று. நீளக் கோடாக வந்தால் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். மெல்லிய கீறல்களாக வந்தால் அது உங்கள் உப்புத்தாள்: 400 நம்பர் தாளிலிருந்து நேரே பிரைமருக்குத் தாவியிருப்பீர்கள். 800, 1000 என்று ஏறி வந்திருக்க வேண்டும்.

நேற்று சரியாக இருந்த இடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி குழிகிறதா? புட்டி முழுக்கக் காயாமல் தேய்த்துவிட்டீர்கள். சாதாரணப் புட்டி தின்னர் ஆவியாகப் போவதால் காய்கிறது, போகப் போகச் சுருங்கும். ஆழமான குழிக்கு இரண்டு கலவை எபாக்ஸி புட்டிதான் சரி, அது சுருங்காது.

இன்னொன்று: கதவுக் கோடுகள் பிரைமரிலேயே மூடத் தொடங்கிவிட்டால், கலருக்கும் அதன்மேல் அடிக்கிற நிறமில்லாத கிளியருக்கும் பிறகு கோடே இருக்காது. பிரைமருக்கு முன்பே ஸ்கிரைபரால் இரண்டு மூன்று முறை ஆழப்படுத்துங்கள். பெயின்ட் அடித்த பிறகு கீறப் போனால் ஊசி நழுவும். கட்டாயம் நழுவும்.

அறிகுறி: பெயின்ட் அடித்ததும் மேற்பரப்பு முதலைத் தோல் போல வெடிக்கிறது

இரண்டு காரணங்கள். எனாமல் சரியாகக் காயாமல் இருக்கும்போது அதன்மேல் லாக்கர் அடித்திருப்பீர்கள். மேலே இருப்பது கீழே இருப்பதைக் கரைத்துத் தூக்கிவிட்டது. லாக்கரின்மேல் எனாமல் அடிக்கலாம், எனாமலின்மேல் லாக்கர் கூடாது.

இல்லையென்றால் தின்னர். ஹார்டுவேர் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கிற என்.சி. தின்னர் விலை மலிவு என்று அதில் லாக்கரைக் கலந்து, பிரைமர் மெலிதாக இருந்த ஒரு கதவில் அடித்தேன். பிளாஸ்டிக்கே இளகி, காய்ந்தபோது வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்தது. அந்தத் தின்னரை இப்போது ஏர்பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்கிறேன். பாடிக்கு மாடல் பெயின்ட் கம்பெனிகளின் தின்னர்தான்.

வெடித்ததன்மேல் திருப்பி அடித்து மூடப் பார்க்காதீர்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஒரு இரவு ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் உரித்தெடுத்துவிட்டு முதலிலிருந்து வாருங்கள். சில லாக்கர்கள் அதற்கு மசியாது. அப்போது தேய்த்து எடுப்பதுதான். பிளாஸ்டிக்கே உருகியிருந்தால் புட்டி.

அறிகுறி: பளபளவென்று அடித்தது பால் படிந்தாற்போல வெளுக்கிறது

சென்னையில் உட்கார்ந்து லாக்கர் அடிக்கிற யாரும் இதிலிருந்து தப்பியதில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு சில்லென்று ஆகிறது. காற்றில் இருக்கிற ஈரம் அதன்மேல் படிந்து, பெயின்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்க்கிறதே, அதே சங்கதி.

பயப்படாதீர்கள், இது திரும்பி வரக்கூடிய நோய். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் சேர்ந்த தின்னரை மட்டும், பெயின்ட் இல்லாமல், தூரத்திலிருந்து ஒரே ஒரு மெல்லிய தூவல் தூவுங்கள். மேல்பரப்பு கொஞ்சம் இளகி, ஈரம் வெளியே போய், பளபளப்பு திரும்பிவிடும். ஒழுகும் அளவுக்கு அடித்துவிட்டால் எல்லாம் போச்சு.

வராமல் தடுக்க: ஐப்பசி, கார்த்திகை மழையில் பாடி பெயின்ட் வேண்டாம். அந்த மாதங்களில் எஞ்சின், சீட், டாஷ்போர்டு என்று மற்ற வேலைகளைப் பாருங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் நான் ஏர்பிரஷைக் கையில் எடுப்பதில்லை. ஏசி ஓடுகிற அறையில் காற்று வறண்டிருக்கும், ஆனால் அதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு லாக்கர் அடிப்பது உடம்புக்கு ஆகாது. வெளியே காற்றைத் தள்ளுகிற ஸ்பிரே பூத்தும், ரசாயன ஆவிக்கான வடிகட்டி உள்ள மாஸ்க்கும் இல்லாமல் லாக்கர் பக்கம் போகாதீர்கள். துணி மாஸ்க் தூசிக்குத்தான் ஆகும்.

கம்ப்ரசர் குழாயில் நீர்ப்பிடிப்பான் மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெளுப்பு முழுப் பரப்பாக இல்லாமல் புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தால் அது காற்றின் ஈரமில்லை, குழாயிலிருந்து வந்த தண்ணீர்.

அறிகுறி: வெள்ளை அடித்தால் ரோஜா நிறமாகிறது

கூம்ப்ஸின் வெள்ளைக் காரைக் கட்டுகிறவர்களுக்கு வருகிற தலைவலி. ஃபெராரி என்றால் சிவப்புதானே என்று கிட்டுகளைப் பலமுறை சிவப்புப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்துவிடுகிறார்கள். லாக்கர் தின்னர் பட்டதும் அந்தப் பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் கரைந்து மேலே ஏறுகிறது. எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் ஒவ்வொரு கோட்டும் மெதுவாகச் சிவக்கும். வெளிர்பச்சைக் காருக்கும் இதே கதி; அங்கே பச்சை அழுக்குப் பழுப்பாகிவிடும்.

பிளாஸ்டிக்குக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். வெள்ளி நிறம் அதற்கு நல்லது. அதில் உள்ள அலுமினியத் துகள்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து சாயத்தை மறித்துவிடும். வெள்ளி, பிறகு வெள்ளை பிரைமர், பிறகு வெள்ளை. ஏற்கெனவே அடித்துச் சிவந்துபோயிருந்தால் லேசாகத் தேய்த்துவிட்டு, அதன்மேலேயே வெள்ளி அடித்துத் தொடரலாம், உரிக்க வேண்டாம்.

அறிகுறி: சிவப்பு அடித்தால் செங்கல் நிறமாக இருக்கிறது

சிவப்பு பெயின்டுக்கு மறைக்கும் சக்தி குறைவு. அடியில் சாம்பல் நிறப் பிரைமர் இருந்தால் அது மேலே வந்து சிவப்பை மங்கலாக்கும். வெள்ளைப் பிரைமரின்மேல் அடித்தால் தக்காளி நிறம், இளஞ்சிவப்புப் பிரைமரின்மேல் அடித்தால் ஆழமான சிவப்பு. புட்டி போட்ட இடம் மட்டும் திட்டாகத் தெரிவதும் இதனால்தான்: அடிநிறம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. மேலும் மேலும் சிவப்பை ஏற்றித் தீர்க்கப் பார்த்தால் கனம்தான் கூடும், கதவுக் கோடுகள் புதைந்துவிடும். பிரைமருக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போல இருக்கிறது, தேய்த்தால் துணியில் நிறம் வருகிறது

ஆரஞ்சுத் தோல் என்பது பெயின்ட் துளி பரவுவதற்குள் காய்ந்துபோனதன் அடையாளம். இன்னும் கொஞ்சம் தின்னர், இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் ஏர்பிரஷ். வந்துவிட்டதென்றால் கிளியர் கோட் ஒரு வாரம் காய்ந்த பிறகு 2000, 3000 நம்பர் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு கரடு, நடுத்தரம், மெல்லியது என்று பாலிஷ்.

துணியில் சிவப்பு தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். கிளியர் தேய்ந்துபோய்க் கலரைத் தொட்டுவிட்டீர்கள். எப்போதும் இது மட்கார்டின் முகட்டில்தான் நடக்கும், ஏனென்றால் பெயின்ட் மேட்டில் மெலிதாகவும் பள்ளத்தில் கனமாகவும் நிற்கும். ஜிடிஓவின் பின் மட்கார்டு முழுக்க மேடுதான். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்தைத் தேயுங்கள்; கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு, முகட்டை மெல்லிய பாலிஷால் மட்டும் நாலு தடவை வருடினால் போதும். கலர் வெளிறும் அளவுக்குப் போயிருந்தால் அந்த இடத்தில் மட்டும் கலரைத் தூவி, பாடி முழுக்க மறுபடி கிளியர்.

ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 1962-இல் ரேஸுக்கு வந்த கார் இவ்வளவு பளபளத்ததா? பழைய படங்களைப் பார்த்தால் பளபளப்பு இருக்கும், ஆனால் இன்றைய ஏலக் காரின் கண்ணாடிப் பளபளப்பு இருக்காது. நான் கடைசிப் பாலிஷை விட்டுவிடுகிறேன். போட்டியில் மதிப்பெண் குறையலாம், இருக்கட்டும்.

அறிகுறி: பானெட் மூடவில்லை

ஒரு நாள் மூடியது, இன்று மூடவில்லையா? பெயின்ட் கனம். ஓரம் ஒன்றுக்கு 0.1 மி.மீ. பெயின்ட் ஏறினாலும் பானெட் ஓரமும் பாடி ஓரமும் சேர்ந்து 0.2 மி.மீ. இடுக்கைத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் அப்படி. அதனால் பெயின்டுக்கு முன்பே தாள் ஒன்று தாராளமாக நுழைகிற இடைவெளியை விட்டுவிட வேண்டும். இப்போது உள் ஓரங்களை மட்டும் தேய்த்து எடுங்கள்.

ஓரத்தில் உரசாமல் நடுவில் இடிக்கிறதா? எஞ்சின் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. அசல் காரில் டிரை சம்ப் (எண்ணெயை எஞ்சினுக்கு அடியில் வைக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் முறை) வைத்ததே எஞ்சினைத் தாழ்த்தி மூக்கைத் தாழ்த்தத்தான். அந்த மூக்கின்கீழ் இடம் என்பதே இல்லை. இடிப்பது எது என்று கண்டுபிடிக்க, பானெட்டின் உள்ளே லிப்ஸ்டிக் தடவி மெதுவாக மூடித் திறந்தால் போதும், குற்றவாளியின் தலையில் பொட்டு வைத்திருக்கும். பெரும்பாலும் கார்புரேட்டர் புனல்கள்தான். புனலை வெட்டாதீர்கள், அழகே அதுதான். எஞ்சின் தாங்கிகளை அரை மி.மீ. தேய்த்து எஞ்சினை இறக்குங்கள்.

அறிகுறி: எஞ்சினுக்கு ஒயரிங் செய்தேன், பறவைக்கூடு மாதிரி இருக்கிறது

பாதிப் பேர் செய்கிற தப்பு கனம். அசலில் 7 மி.மீ. பிளக் ஒயர் இங்கே 0.3 மி.மீ. பழைய இயர்போன் கேபிளை உரித்தால் கிடைக்கிற இழையோ, கறுப்பு எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பியோ போதும். ரப்பர் உறை உள்ள ஒயர் எதுவும் ஆகாது. வளைத்தால் நிற்காமல் துள்ளும்.

மீதிப் பேர் செய்கிற தப்பு பாதை. ஃபெராரி 250 வரிசையின் பழைய வி12 எஞ்சின்களில் பிளக்குகள் வி வடிவத்தின் உள்பக்கம், கார்புரேட்டர் பக்கம் இருக்கும். ஜிடிஓவின் எஞ்சின் டெஸ்டா ரோஸா பந்தயக் காரிலிருந்து வந்தது. அதில் பிளக்குகள் வெளிப்பக்கம், எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு மேலே. பின்னால் நிற்கிற, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருகிற இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஆறு ஒயர், அந்தந்தப் பக்கத்துக்கு. ஆறு வெபர் கார்புரேட்டர்களுக்கு நடுவே ஒயர் ஓடினால் நீங்கள் வேறொரு காரைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கேம் மூடிகளைச் சிவப்பாக அடிப்பதும் அதே குழப்பத்தில் வருவது. டெஸ்டா ரோஸா என்ற பெயரே அந்தச் சிவப்புத் தலையால் வந்தது. ஜிடிஓவில் சுருக்கம் விழுந்த கறுப்பு. அந்தச் சுருக்கம் வர, மேட் கறுப்பைக் கொஞ்சம் தூரத்திலிருந்து, பாதி காய்ந்த தூளாக விழும்படி அடித்தால் போதும்.

ஒட்டும் முறை: பிளக் இடத்தில் 0.3 மி.மீ. துளை, ஒயர் நுனியில் சூப்பர் க்ளூ ஒரு பொட்டு, உள்ளே செருகு. குழாய் மூக்கால் நேரடியாக விட்டால் வெள்ளமாகும். இன்சுலின் சிரிஞ்சு ஊசியால் தொட்டு வையுங்கள். பிளக் முனையில் பன்னிரண்டையும் ஒட்டிக் காயவிட்டு, மறுநாள் டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கு வாருங்கள். ஒரே நாளில் இரண்டு முனையையும் முடிக்கப் போனால் ஒன்றை வளைக்கும்போது மற்றொன்று பிடுங்கிக்கொண்டு வரும்.

அறிகுறி: டாஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) இல்லை

அச்சின் தப்பு இல்லை. இந்தக் காரில் ஸ்பீடோமீட்டரே கிடையாது. ரேஸ் ஓட்டுகிறவனுக்கு எஞ்சின் சுற்று தெரிந்தால் போதும். கையில் இருக்கிற வேறு கிட்டின் ஸ்பீடோமீட்டரை எடுத்து ஒட்டிவிடாதீர்கள். சீட்டுக்குத் தோல் நிறம் அடிக்காதீர்கள், நீலத் துணி. பம்பர் தேடாதீர்கள், அதுவும் கிடையாது.

அறிகுறி: கண்ணாடியில் பனி படர்ந்தாற்போல வெள்ளை

சூப்பர் க்ளூவின் ஆவி. அது காயும்போது எழும் புகை பக்கத்தில் இருக்கிற கைரேகை, ஈரம் எதிலும் போய் ஒட்டிக்கொள்ளும். போலீஸ் கைரேகை எடுப்பதே இந்தப் புகையை வைத்துத்தான். கண்ணாடிக்குப் பசை என்றால் வெள்ளை ஃபெவிகால் வகைதான். ஹெட்லைட் மூடிக்கும் அதே. வேறெங்கோ சூப்பர் க்ளூ பயன்படுத்தியிருந்தாலும், கண்ணாடி மாட்டி அடைத்துவிட்ட பாடிக்குள் அந்தப் புகை சுற்றும் என்பதை மறக்காதீர்கள்.

வந்துவிட்டதென்றால் மெல்லிய பாலிஷால் தேய்த்து எடுக்கலாம். கை நுழையாத உள்பக்கம் என்றால் கண்ணாடியைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. ஆறுதலுக்கு ஒன்று: அசல் காரில் விண்ட்ஷீல்டைத் தவிர மற்றவை பிளெக்ஸிகிளாஸ். பின் கண்ணாடியில் லேசான அலை தெரிந்தால் விட்டுவிடுங்கள், பொருத்தமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: ரேஸ் எண் டெக்கல் வெள்ளிபோல் மினுங்குகிறது, சுருங்குகிறது, நொறுங்குகிறது

மூன்றும் மூன்று நோய். மினுங்கினால் அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மேட் பரப்பின்மேல் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். குண்டூசி முனையால் பத்துப் பதினைந்து குத்து குத்தி, டெக்கல் மென்மையாக்கும் திரவத்தை ஒரு துளி விட்டு, விலகிப் போய்விடுங்கள். காயும்வரை தொடக்கூடாது.

சுருங்கினால், தட்டையான வட்டத்தை உருண்டையான மூக்கில் ஒட்டப் பார்க்கிறீர்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கி மூன்று நான்கு இடத்தில் சின்னதாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடுங்கள். ஏறிய இடத்தைக் காய்ந்த பிறகு வெள்ளை பெயின்டால் தொட்டுவிட்டால் தெரியாது. உண்மையில் வெள்ளை வட்டத்தை மாஸ்க் வெட்டி ஏர்பிரஷால் அடித்துவிட்டு, எண்ணை மட்டும் டெக்கலாக ஒட்டுவது எல்லாவற்றையும் விட நல்லது. சிவப்பின்மேல் வெள்ளை டெக்கல் எப்படியும் கொஞ்சம் ரோஸாகத் தெரியும்.

தண்ணீரில் போட்டதும் நொறுங்கினால் டெக்கலுக்கு வயதாகிவிட்டது. அதனால்தான் பழைய கிட்டில் முதலில் தேவையில்லாத ஒன்றைப் போட்டுச் சோதிக்க வேண்டும். மிச்சத் தாளின்மேல் கிளியர் ஒரு கோட் அடித்துக் காயவிட்டால் புதிய தோல் கிடைத்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்ட வெட்டி எடுக்க வேண்டும். மஞ்சளாகியிருந்தால் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெயில் விழுகிற ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். நம் வெயிலுக்கு ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அறிகுறி: ஆரக் கம்பிச் சக்கரம் தட்டுபோல அடைத்துக்கொண்டிருக்கிறது, குரோம் கண்ணைக் குத்துகிறது

இந்தக் காரில் உள்ள பொர்ரானி நிறுவனச் சக்கரத்தின் விளிம்பு பாலிஷ் செய்த அலுமினியம், ஆரங்கள்தான் குரோம். கிட்டின் குரோம் பூச்சு இரண்டையும் ஒரே கண்ணாடியாக்கிவிடும். வீட்டு ப்ளீச்சில் முக்கிவைத்தால் சில நிமிஷத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் குரோம் கரைந்துவிடும். ப்ளீச்சோடு கழிவறை ஆசிட் எதையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பிறகு அலுமினிய நிறம் அடித்து, ஆரங்களுக்கு நடுவே மெலிதாகக் கரைத்த கறுப்பை ஓடவிட்டால் பள்ளம் ஆழமாகத் தெரியும். கையில் காசு இருந்தால் எட்ச் செய்த உலோக ஆரங்களை வாங்கி மாட்டுங்கள். இந்தக் காருக்குச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.

அறிகுறி: அலமாரியில் வைத்து ஆறு மாதம் ஆனபின் டயர் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது

டயரை வளையும்படி வைக்கச் சேர்க்கிற எண்ணெய் போன்ற பொருள் மெதுவாகக் கசிந்து பிளாஸ்டிக்கை இளக்குகிறது. பழைய கிட்டுகளின் வினைல் டயர்களில் இது அதிகம். விளிம்பு உருகியிருந்தால் திரும்ப வராது. வேறு சக்கரம் தேட வேண்டியதுதான். லேசாகப் பிசுபிசுத்தால் டயரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, சக்கரத்தின் விளிம்பில் பேர்-மெட்டல் ஃபாயில் போன்ற மெல்லிய ஒட்டும் உலோகத் தாளைச் சுற்றிவிட்டு மாட்டுங்கள். அலமாரித் தட்டிலும் டயர் தொடுகிற நாலு இடத்தில் சின்னக் கண்ணாடித் துண்டு வையுங்கள். என் அலமாரியில் வார்னிஷ் பூச்சில் நாலு கறுப்புத் தழும்பு இருக்கிறது, சரியாக 100 மி.மீ. இடைவெளியில்.